தூங்குமூஞ்சி வகையறா

ஜூன் 3, செவ்வாய்

என் பெயர் சங்கிலி. ஊர் சிவகாசி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண் எவ்வளவு திறந்தது, எவ்வளவு தூரம் நடந்தேன், சோறு விழுங்க முடிந்ததா என்று தினமும் எழுதிக் கொண்டுவரும்படி மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் தங்கபுஷ்பம் எழுதுகிறாள். நான் கொச்சையாகச் சொல்வதை அவளே திருத்தமாக்கிக்கொள்கிறாள். அச்சாபீசில் வேலை பார்க்கிறவள் அல்லவா. பேச்சு வருகிற இடத்தை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். எனக்கு யார் எப்போது என்ன சொன்னாலும் மறக்காது. எழுத்து இல்லாதவனுக்கு ஞாபகத்தை விட்டால் வேறு பெட்டி ஏது?

இந்த டைரியும் அவள் ஆபீசில் செய்ததுதான். அட்டை தலைகீழாக ஒட்டிப்போனதால் கழிவில் கிடந்தது.

இன்று கண் பாதிதான் திறந்தது. இமையைத் தூக்கிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். டீக்கடை வரை நடந்தேன். போகும்போது ஒருமுறை, வரும்போது இரண்டுமுறை உட்கார்ந்தேன்.

ஜூன் 4, புதன்

தொடையில் சதை எடுத்துத் தையல் போட்ட இடம் அரிக்கிறது. சொறியப் போனால் தங்கம் கையைத் தட்டிவிடுகிறாள்.

அந்தச் சதையை ஆராய்ச்சி பண்ணுகிற பெண்ணின் பெயர் பர்வீன். வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கும், ஆனால் ஊசி போடாது. போன வாரம் எனக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னது.

"ஐயா, உடம்புல ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் சின்னச் சின்ன அடுப்பு இருக்குன்னு வெச்சுக்கங்க. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. நீங்க சாப்பிடுறத எரிச்சு சக்தியா மாத்துறது அதுதான். உங்க அடுப்புல ஒரு பாகம் இருக்கா இல்லையான்னு பாக்கணும்."

"கண்ணுக்கே தெரியாதுங்கிற. எப்பிடித் தாயி பாப்ப?"

"அதுக்குத்தான் ஆன்டிபாடின்னு ஒரு மருந்து. அந்த ஒரு பாகத்தத் தேடிப் போய் ஒட்டிக்கிரும். வேற எதையும் தொடாது. ஒட்டுன எடமெல்லாம் பச்சையா ஒளி விடுற மாதிரி செஞ்சு, மைக்ராஸ்கோப்புல பாப்போம்."

"அத எங்க செய்றாக?"

"முயல் ரத்தத்துல இருந்து எடுக்குறது ஐயா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாலிபத்தில் கண்மாய்க்கரையில் வலைகட்டி நான் பிடித்துத் தின்ற முயல் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது ஒரு முயல் வந்து என் தொடையைத் துப்பறியப் போகிறது. "பழிவாங்கத்தான் வருது" என்றேன். பர்வீனும் சிரித்தது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வயசு டாக்டர் கேள்வியாகக் கேட்டுப் படிவத்தில் எழுதினார். பீடி உண்டா, சர்க்கரை உண்டா, சம்சாரம் இருக்கா.

"எறந்துட்டா சார். நெஞ்சடைப்பு."

"நீங்களும் அவங்களும் ஒரே குடும்பமா?"

"இல்ல சார். அவ வேற வகையறா. குலசாமியே வேற."

எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஜூன் 5, வியாழன்

கண் அப்படியே. ரசம் சோறு இறங்கியது.

ஜூன் 9, திங்கள்

டீக்கடையில் பால்சாமி இருந்தான். காகித குடோனில் என்னோடு சுமை தூக்கியவன். என் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "ஏ தூங்குமூஞ்சி, கண்ணுக்கு முட்டுக் குடுத்தாச்சா? ஆளு இப்பத்தான் முழிச்சிருக்கான்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

எனக்குக் கோபமில்லை. அது எங்கள் வீட்டுப் பட்டப்பெயர். என் அம்மா காத்தம்மாளிடமிருந்து வந்தது. அவள் களையெடுக்கப் போனால் பாதி வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். இமை இறங்கிக்கிடக்கும். தூங்குகிறாள் என்று கூலியைக் குறைப்பார்கள். பிறகு என் அக்கா இருளாயிக்கு அந்தப் பெயர் ஒட்டியது. பிறகு எனக்கு. குடோனில் எல்லோரும் இரண்டு ரீம் கட்டைத் தூக்கும்போது நான் ஒன்றைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்குவேன். அண்ணனுக்கும் உண்டு. ஆனால் அண்ணன் மகன்கள் இரண்டு பேருக்கும் ஒட்டவில்லை. இருவரும் பம்பரமாகச் சுற்றுகிறவர்கள். அக்காள் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒட்டியது.

நான் கட்டியது அக்காள் மகளைத்தான். குருவம்மா. தாய்மாமனுக்கு உரிமைப் பெண், அப்போது அதுதான் முறை. மணவறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரு கிழவி கேட்டாள்: "பொண்ணும் தூங்குது, மாப்பிள்ளையும் தூங்குறான். தாலிய யாருப்பா கட்டப் போறது?"

இதை எழுதும்போது தங்கத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் முகத்தைச் சற்றுத் தூக்கி, மூக்கின் வழியே பார்க்கிற மாதிரி பார்த்துத்தான் எழுதுகிறாள். அவள் அம்மா பார்ப்பதும் இப்படித்தான் இருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

மதுரைக்குப் போய் வந்தோம். பெரிய டாக்டர் சொன்னார், அடுப்பில் குறையில்லையாம். சதை முழுவதும் ஒன்றுபோலப் பச்சையாக எரிகிறதாம். வயசுதான் காரணமாக இருக்கும் என்றார். நெஞ்சில் வயர் ஒட்டி இ.சி.ஜி.யும் எடுத்தார்கள். அதுவும் சரியாக இருந்தது. தங்கம் வாசலிலேயே கொய்யாப்பழம் வாங்கிக் கடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் பர்வீன் ஓடிவந்தது. மூச்சு இரைத்தது.

"ஐயா, அந்த முடிவ நம்பாதீங்க. எனக்கு மனசு ஒப்பல. அந்தப் பாகமே இல்லாத அணுவ நாங்க தனியா வளத்து வெச்சிருக்கோம். சோதிச்சுப் பாக்குறதுக்கு. அதுல இந்த ஆன்டிபாடியப் போட்டேன். அதுவும் பச்சையா எரியுது."

"இல்லாததும் இருக்குங்குதா?"

"ஆமா. பாட்டில் சரியில்ல. கண்டதுலயும் ஒட்டுது."

"எல்லாரையும் பாத்துக் குரைக்கிற நாய வெச்சுக்கிட்டு எந்தத் திருடனத் தாயி பிடிப்ப?"

"அதேதான் ஐயா! வேற எடத்துல இருந்து புதுசா வரவழைக்கணும். ஐஸ் பெட்டியில வரணும். கொஞ்ச நாள் ஆகும்."

தங்கம் கொய்யாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த நோவாவே இருந்தா என்ன செய்யும்?"

"களைப்பு, கண் இமை, இதெல்லாம் மெதுவாத்தான் கூடும். முக்கியமாப் பாக்க வேண்டியது நெஞ்சு. சிலருக்குத் துடிப்பு திடீர்னு நின்னுரும். முன்னாடியே இ.சி.ஜி. பாத்துட்டா பயமில்ல. சின்னதா ஒரு கருவி வெச்சுக் காப்பாத்திரலாம். ஐயாவுக்கு நல்லா இருக்கு."

"பிள்ளைகளுக்கும் வருமா?"

"மொதல்ல இதானான்னு பாத்துருவோம்க்கா."

பஸ்ஸில் தங்கம் மீதிப் பழத்தைத் தின்னவில்லை. வெயில் கண்ணைக் கூசுகிறது என்று முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 19, வியாழன்

தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. தங்கம் பிடித்து வந்தாள்.

குருவம்மா அந்தக் குழாயடியில்தான் விழுந்தாள். வரிசையில் நின்றவர்கள், வழக்கம்போல அலுத்துப்போய் உட்காருகிறாள் என்றே நினைத்திருக்கிறார்கள். குடம் நிரம்பி வழிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அப்போது ஐம்பதுகூட நிறையவில்லை. அவள் தாய், என் அக்கா இருளாயி, களத்தில் நெல் தூற்றிக்கொண்டு நின்றவள், நின்ற இடத்திலேயே சாய்ந்தாள். அப்போது ஊரில் டாக்டர் கிடையாது. பேய் அடித்தது என்றார்கள்.

இதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று தங்கம் கேட்கிறாள். எழுது என்றேன்.

ஜூன் 23, திங்கள்

கண் காலையில் பரவாயில்லை. சாயங்காலம் இறங்கிவிட்டது.

தங்கத்தைப் பரணில் இருக்கிற பழைய செம்பை எடுத்துத் தரச் சொன்னேன். ஏணியில் பாதியில் நின்று இளைப்பாறினாள். செம்பு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

சட்டைப் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோர்த்துத் தரச் சொன்னேன். முகத்தைத் தூக்கி, நெற்றியைச் சுருக்கி, மூன்றாவது தடவையில்தான் கோர்த்தாள். பிறகு, மூஞ்சியை அசைக்காமல் மேலே ஃபேன் சுற்றுகிறதா என்று பார் என்றேன்.

"என்னப்பா, ஒரு வாரமா ஓயாம என் மூஞ்சியவே பாக்கீக?"

"ஒன்னுமில்லத்தா. உங்க அம்மா சாயல்."

"அம்மா சாயல் இன்னைக்கா வந்துச்சு?"

அச்சாபீசில் வேலை கடுமை என்கிறாள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை வியாபாரிகளுக்குக் காட்டுகிற ஆல்பம் வெளிவர வேண்டும். தினத்தாளைத் தேதி மாறாமல் அடுக்குவதும் சரிபார்ப்பதும் அவள் பொறுப்பு. போன வாரம் ஒரு கட்டுக்குள் ஒரு தேதி விட்டுப்போய்விட்டதாம். ஃபோர்மேன் திட்டினாராம். கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறாள்.

ஜூலை 2, புதன்

மருமகன் லாரியோடு ஒரிசா போயிருக்கிறார். அங்கே மழையாம். மதுரையிலிருந்து போன் இல்லை. முயல் இன்னும் வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

முயல் வந்துவிட்டது.

பர்வீன் என்னை ஒரு இருட்டு அறைக்குள் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரில் படம் காட்டியது. முதலில் அந்தப் பாகம் இல்லாத அணுவைக் காட்டியது. ஒன்றும் தெரியவில்லை, வெறும் கறுப்பு. "பாத்தீங்களா, இந்த ஆன்டிபாடி பொய் சொல்லல" என்றது. பிறகு நோய் இல்லாத யாரோ ஒருவருடைய சதை. முழுக்கப் பச்சை. கடைசியாக என்னுடையது. இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் பச்சை. நடுநடுவே கட்டங்கட்டமாக இருட்டு. கரண்டு போன தெருவில் இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மட்டும் விளக்கு எரிவது போல.

என் ஆயுசெல்லாம் என்னைச் சோம்பேறி என்றவர்களை அந்த அறைக்குள் வரிசையாகக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல இருந்தது. பாதி அடுப்பை வைத்துக்கொண்டு நான் எத்தனை டன் காகிதம் தூக்கியிருக்கிறேன்!

"அந்த நோய்தான் ஐயா. அன்னைக்கு எடுத்த ரத்தத்துல பாத்த மாற்றமும் இதோட ஒத்துப்போகுது. மருந்து இல்ல, ஆனா கவனமா இருந்தா காலம் தள்ளலாம்" என்றது பர்வீன்.

தங்கம் என் பின்னால் நின்றாள். அவள் கேட்பதற்கு முன் நானே கேட்டேன்: "பிள்ளைக்கு?"

"அதுல நல்ல சேதிதான். இந்த அடுப்பு அம்மா கிட்ட இருந்து மட்டும்தான் வரும். அம்மா தன்னோட பிள்ளைங்க எல்லாருக்கும் குடுப்பா. பையனுக்கும் வரும், ஆனா அவன் அவனோட பிள்ளைக்குக் குடுக்க முடியாது. அவனோட நின்னு போயிரும்." காகிதத்தைப் புரட்டிப் பார்த்தது. "உங்க வீட்டம்மா வேற குடும்பம்னு எழுதியிருக்கு. இந்த அக்காவுக்குப் பயமே இல்ல."

தங்கம் அழுதுவிட்டாள். பர்வீன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று வாரமாக அவளும் பயந்திருக்கிறாள் போல. எனக்கு இது தெரியாது.

திரும்பும்போது ஜன்னல் ஓரம் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தாள். நான் பேசவில்லை. அண்ணன் மகன்களை நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 9, புதன்

இன்று சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஜூலை 10, வியாழன்

தண்ணீர் வந்தது. தங்கம் எழுந்திருப்பதற்குள் நானே குடத்தோடு குழாயடிக்குப் போனேன். திரும்பும்போது வாசற்படியில் கால் மடங்கிக் கீழே விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. குடம் நசுங்கிவிட்டது.

"உங்கள யாரு குடம் தூக்கச் சொன்னா? நான் செத்தா போயிட்டேன்?"

"ஏ, வாயக் கழுவு!"

நான் அப்படிக் கத்தியதில் அவளே பயந்துவிட்டாள். பிறகு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள்.

ஜூலை 12, சனி

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கிறார்கள். திங்கட்கிழமை ஒரு எட்டுப் போய் எடுத்துக்கொண்டு வா என்று தங்கத்திடம் சொன்னேன்.

"யாருக்கு? உங்களுக்குத்தான் எடுத்தாச்சே."

"உனக்கு."

"எனக்கு எதுக்குப்பா? ஆல்பத்துக்கு நாள் நெருங்கிருச்சு. இப்ப லீவு கேட்டா ஃபோர்மேன் என்னையக் காலண்டர் ஆணியில தொங்கவிட்ருவாரு."

அப்போது கோயம்புத்தூரிலிருந்து பேத்தி பிரதீபா போன் பண்ணினாள். நர்சிங் படிக்கிற பிள்ளை. வார்டில் இன்றைக்கு நிற்கவே முடியவில்லை, கால் கடுக்கிறது, கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி பண்ணுகிறார்கள் என்றாள். போனில் சத்தமாகக் கேட்டது. தங்கம் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இன்று நான் கஞ்சி மட்டும் குடித்தேன்.

ஜூலை 14, திங்கள்

தங்கம் வேலைவிட்டு வந்து காப்பி குடித்ததும், டைரியை எடு என்றேன். பெண்கள் பெயர் மட்டும் சொல்வேன், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுது என்றேன்.

"எதுக்குப்பா?"

"எழுதுத்தா."

முதலில் என் அம்மா பெயரைச் சொன்னேன். எழுதினாள்.

காத்தம்மாள்.

அவள் பெற்ற மகள், என் அக்காள்.

இருளாயி.

அக்காள் பெற்ற மகள், என் பெண்டாட்டி.

குருவம்மாள்.

அந்தச் சின்ன டாக்டரிடம் நான் பொய் சொல்லவில்லை. அக்காளைச் சாத்தூருக்குக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே அவள் அந்த வீட்டுக்காரி. அவள் பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு முடியெடுப்பதும் காது குத்துவதும் அந்த வீட்டுச் சாமிக்கு முன்னால்தான். குருவம்மா வேறு வகையறா என்பதில் நம் ஜனத்தில் யாருக்குமே சந்தேகம் வராது. வேறு வகையறா என்பதால்தானே கட்டினேன். ஆனால் இந்த நோய் குலசாமியைக் கேட்டு வருவதில்லை. நாம் ஆம்பிளை வழியை எண்ணுகிறோம். அது பொம்பிளை வழியை எண்ணுகிறது. என் அம்மாவின் அடுப்பு என் வழியாக வந்திருந்தால் என்னோடு நின்றிருக்கும். அது அக்காள் வழியாகச் சுற்றி, பெண்டாட்டியாக என் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது. குழாயடியில் அதுதான் அணைந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். அவள் தலை நிமிராமல் எழுதினாள். குருவம்மாளுக்குக் கீழே அடுத்த பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேனா நிற்கவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அவள் கையெழுத்துப் போடும்போது கை எங்கே ஏறும், எங்கே வளையும் என்று தெரியும். அவள் பெயரைத்தான் எழுதினாள்.

தங்கபுஷ்பம்.

எழுதிய பிறகும் கையை எடுக்கவில்லை. அதற்குக் கீழே இன்னும் ஒரு பெயர் எழுதினாள்.

"அது யாருத்தா?"

"உங்க பேத்தி."

பிரதீபா.

அதுவரை எனக்கு அந்தப் பிள்ளையை அந்த வரிசையில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கால் கடுக்கிறது என்றதைக் காதால் கேட்டும் தோன்றவில்லை.

"அன்னைக்குத் திரும்பி வரும்போது, திருமங்கலம் தாண்டுறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சு போச்சுப்பா. அம்மாவப் பெத்தது உங்க அக்கான்னு எனக்குத் தெரியாதா? பர்வீன் சொன்னப்ப அந்த நிமிசம் ஓடல. பஸ்ஸுல ஏறி உக்காந்ததும் ஓடிருச்சு."

"தூங்குனியே?"

"தூங்கல. நீங்க ஒன்னும் சொல்லாம வந்தீக. மக தப்பிச்சுட்டான்னு சந்தோசமா வர்றீக, அதையும் கெடுக்கணுமான்னு கண்ண மூடிக்கிட்டேன்."

"நானா சந்தோசமா வந்தேன்? நீ சந்தோசமா இருக்கன்னுதானத்தா வாய மூடிக்கிட்டு வந்தேன்."

"நல்லா இருந்தோம் ரெண்டு பேரும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எழுதுறது நான். சொல்ல வேண்டியது நீங்கதான" என்றாள். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. பிறகு கேட்டாள்: "அந்தக் கருவி வெச்சா, அம்மா இருந்திருப்பாளா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

தங்கம் பர்வீனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, என்னிடம் கொடுத்தாள்.

"நான் கேட்டிருக்கணும் ஐயா. எழுதியிருந்தத அப்படியே நம்பிட்டேன். பாட்டிலத் திருப்பித் திருப்பிச் சோதிச்சவ, உங்க பதிலச் சோதிக்காம விட்டுட்டேன்."

"விடு தாயி. கேள்வியும் சரி, பதிலும் சரி. ரெண்டும் வேற வேற கணக்கு."

"நாளைக்கே அக்காவக் கூட்டிட்டு வாங்க. மொதல்ல இ.சி.ஜி., அப்புறம் ரத்தம். தேவைப்பட்டா சதையும் எடுக்கலாம். ஆன்டிபாடி மிச்சம் இருக்கு, இது நல்ல பாட்டில். கோயம்புத்தூர்ப் பிள்ளையையும் வரச் சொல்லுங்க. சின்ன வயசுலயே கண்காணிச்சா எவ்வளவோ நல்லது."

பிரதீபா இன்று ராத்திரி பஸ்ஸில் ஏறி, நாளை காலையில் நேராக மதுரைக்கு வந்துவிடுவாள். ஃபோர்மேனிடம் தங்கம் லீவு கேட்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

ஜூலை 16, புதன்

காலையில் கண்ணாடி முன்னால் நின்று பிளாஸ்திரி கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தேன். தங்கம் குளித்துத் தலை துவட்டிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றாள்.

"எனக்கும் ரெண்டு துண்டு கிழிங்கப்பா."

நானே ஒட்டிவிட்டேன். இமையை மெல்லத் தூக்கி, புருவத்துக்குக் கீழே அழுத்தினேன். சின்ன வயசில் அவளுக்குப் பொட்டு வைத்துவிட்ட இடத்துக்குப் பக்கம்தான். முகத்தைத் தூக்காமல், நேராக என்னைப் பார்த்தாள். எவ்வளவோ நாளாயிற்று அவள் அப்படிப் பார்த்து.

"யப்பா, நீங்க இவ்வளவு கெழவனாயிட்டீகளா?" என்றாள்.

பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பெரியவரே, அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே கட்டு? அடிதடியா?"

"இல்ல தம்பி, சொத்துப் பிரிச்சோம்" என்றேன். "எனக்கு ரெண்டு துண்டு, அவளுக்கு ரெண்டு துண்டு. பேத்தி பங்கு மதுரையில வந்து நிக்குது."

தங்கம் சிரித்தாள். டைரியை மடியில் வைத்து, நான் சொல்லச் சொல்ல இதையும் எழுதிக்கொண்டு வருகிறாள். பஸ் குலுங்குவதால் எழுத்துக் கோணுகிறது என்கிறாள். கோணினால் கோணட்டும். திருமங்கலம் வரப்போகிறது. அவள் தூங்கவில்லை. முகத்தைத் தூக்காமல் எழுதுகிறாள்.